பிலவேந்திரன் செய்த இரண்டு துப்பாக்கிகள்

ஆரணிக்குப் பக்கத்தில் சேவூரில், எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இரண்டு கைத்துப்பாக்கிகள் இருக்கின்றன என்று யாராவது புகார் கொடுத்தால், விசாரிக்க வரவேண்டிய ஏட்டு அந்த வீட்டிலேயேதான் குடியிருக்கிறாள். அவள் பெயர் ஹெப்சிபா. துப்பாக்கிகளைச் செய்தவர் அவளுடைய புருஷன் பிலவேந்திரன், பட்டுத்தறிக்காரர். ஒன்று கருவேலங்கட்டை, கனமானது. இன்னொன்று வேப்பங்கட்டை, லேசானது. விசையை இழுத்தால் குண்டு வராது, உள்ளேயிருந்து டொக்கென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கே அவருடைய அம்மா இன்னாசியம்மாள் சிலுவை போட்டுக்கொள்வார்.

நான் பக்கத்து வீடு. சேலைக் கரைகளுக்கும் முந்திகளுக்கும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக டிசைன் போட்டு, தறியின் ஜக்கார்டு பெட்டிக்கு ஓட்டை ஓட்டையாக அட்டை அடித்துக் கொடுப்பது என் பிழைப்பு. சுபத்ரா என்றால் தறிக்காரர்களுக்குத் தெரியும். 'அட்டைக்காரம்மா' என்றால் எல்லாருக்கும் தெரியும். பிலவேந்திரன் அண்ணன் நெய்கிற கரைகளில் பாதி நான் போட்டவை. ஹெப்சிபா அக்காவுக்கும் எனக்கும் இடையில் ஒரு குட்டைச் சுவர்தான். அவள் வீட்டுக் குழம்பில் என்ன கருவாடு என்பது எனக்கு மூக்கிலேயே தெரிந்துவிடும்.

போலீஸ்காரர்களுக்கு வருஷத்துக்கொரு முறை சுடும் பயிற்சி உண்டு. அதில் நன்றாகச் சுடுகிறவர்களைப் பொறுக்கி மாநிலப் போட்டிக்கு அனுப்புவார்கள். அக்கா பல வருஷமாகப் பெண்கள் அணியில் இருக்கிறாள், ஒரு முறை வெண்கலமும் வாங்கியிருக்கிறாள். அந்தப் பதக்கம் வீட்டில் மாதா படத்துக்குக் கீழே தொங்குகிறது. எதற்கு இந்த டப்பு டுப்பு என்று ஒரு நாள் கேட்டதற்கு அவள் சொன்னாள்:

“நாள் முச்சூடும் யாராச்சும் கூப்டுகினே கீறாங்க சுபா. ஸ்டேஷன்ல ஏட்டம்மா, ஊட்ல ஹெப்சி, பஸ்ல ஏறினா போலீசம்மா. சுட நிக்கச் சொல்ல காதுக்கு ஒண்ணு மாட்டிக்குவோம், பாத்திருப்பியே. அத மாட்டிட்டா ஒருத்தரும் கூப்ட முடியாது. அந்தக் கொஞ்ச நேரம் நான் எனக்கு மட்டும்தான் கீறேன். அதுவும் போச்சுன்னா எனக்குன்னு இன்னா கீது சொல்லு.”

அதற்கு மேல் நான் கேலி பண்ணவில்லை.

இந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் அடித்தது. அண்ணனின் தறிக்குழியில் ஊற்றுத் தண்ணீர் வந்துவிட்டது. ஈரக்காற்றில் தறியில் நீளவாக்கில் கட்டின பட்டுப் பாவு இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், நெய்தால் அறுந்து தள்ளும். வேலை இல்லாத தறிக்காரரைப்போல வீட்டுக்குப் பாரமான ஜீவன் வேறு கிடையாது. குழியில் இருந்த தண்ணீரைக் குவளையால் இறைத்து ஊற்றிவிட்டு, அண்ணன் வீட்டில் உள்ள எல்லாவற்றையும் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தார். மிக்சி அன்றைக்குத்தான் கெட்டுப் போயிருந்தது, அவர் சரி பண்ணினதால்.

அன்று சாயங்காலம் தறி அறையில் எல்லாரும் உட்கார்ந்து களி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நானும் அழையா விருந்தாளியாக ஒரு தட்டு வாங்கிக்கொண்டேன். அக்கா சீருடையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் விஷயத்தைச் சொன்னாள். அணிக்குப் பயிற்சி கொடுக்கிற இன்ஸ்பெக்டர் வீரபாகு, இந்த வருஷம் பழசு, புதுசு என்று இரண்டு துப்பாக்கியில் எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாராம்.

“ரெண்டும் துப்பாக்கிதானே,” என்றார் அண்ணன். “இதுல பொறுக்கி எடுக்க இன்னா கீது?”

“ஆரணிச் சேலையும் காஞ்சிபுரம் சேலையும் ஒண்ணுதானேன்னு நான் கேட்டா ஒத்துக்குவீங்களா?”

“அது வேற.”

“இதுவும் வேறதாங்க.” அக்கா கையில் இருந்த களி உருண்டையைத் தட்டில் வைத்தாள். “பழசு பெல்ஜியத்துக்காரன் மாடலு. அத வெச்சி நம்ம சர்க்காரு ஃபேக்டரில, வங்காளத்துல செஞ்சது. முழுக்க இரும்பு. கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. பின்னாடி சின்னதா ஒரு சுத்தி கீது, மொத குண்டுக்கு அது பின்னால போயி நிக்கணும். கட்டவெரலுக்குக் கிட்ட ஒரு பூட்டு. அத எறக்கினாத்தான் சுடும். விசைய தொட்டா கொஞ்சம்தான் நவுரும், மடக்குனு வுட்டுரும்.”

“புதுசு?”

“அது ஆஸ்திரியா நாட்டுது. கீழ்ப்பாதி ஒரு மாதிரி பிளாஸ்டிக், மேல மட்டும் இரும்பு. பழசுக்குக் காவாசிக்கு மேல எட கம்மி. சுத்தி வெளிய தெரியாது. கட்டவெரலுக்குப் பூட்டும் கெடயாது. விசைக்கு நடுவுல சின்னதா ஒரு நாக்கு கீது, வெரலு சரியா அதும்மேல உக்காந்தாத்தான் நவுரும். மொதல்ல கொஞ்சம் சும்மா வரும். அப்பறம் செவுத்துல முட்டின மாதிரி நிக்கும். அதுக்கப்பறம் அழுத்தினாத்தான் வெடிக்கும்.”

“எத்தினி குண்டு?”

“பழசுல பதிமூணு. புதுசுல பதினேழு. குண்டு ரெண்டுக்கும் ஒண்ணேதான்.”

“பதினேழு குண்டு எதுக்குடி,” என்றார் இன்னாசியம்மாள். “ஆரணில அத்தினி திருடனா கீறான்?”

அண்ணன் சிரிக்கவில்லை. அவருக்கு ஆர்வம் பற்றிக்கொண்டுவிட்டது. “புடி எப்டி?” என்று கேட்டார்.

“பழசு கைக்குள்ள அடங்கும். கண்ண மூடிகினு நீட்டினாலும் நேரா நிக்கும். புதுசுல புடி சாய்வு ஜாஸ்தி. பழச புடிச்ச பழக்கத்துல நீட்டினா மூக்கு மேல பாக்குது. ஆனா துள்ளல் கம்மி, ஜல்தியா எடத்துக்குத் திரும்பி வந்துருது. எனக்கே கொயப்பமா கீது. ரெண்டையும் தெனம் கையில வெச்சிப் பயகினாத்தான் தெரியும். ஊட்டுக்கு எடுத்துகினு வர முடியுமா? குண்டும் அளந்துதான் தருவாங்க.”

அண்ணன் கையைக் கழுவிவிட்டு ஒரு பழைய செய்தித்தாளை எடுத்து அவள் முன்னால் விரித்தார். “வரஞ்சு காட்டு,” என்றார்.

மழை விட்ட பிறகும் ஒரு வாரம் அந்தத் தறி ஓடவில்லை. பட்டு நூல் கொடுத்து நெய்யச் சொல்கிற முதலாளி ஆள் அனுப்பிக் கேட்டபோது குழியில் இன்னும் ஈரம் என்று கூசாமல் பொய் சொன்னார். நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். உளியும் அரமும் வைத்து, அக்கா போனில் காட்டின படங்களைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கினார். புதுசின் சாய்வு வர நாலு கட்டை வீணாயிற்று. எடைக்காக உள்ளே குடைந்து, ஜக்கார்டு நூல்களின் அடியில் தொங்கவிடுகிற மெல்லிய இரும்புக் கம்பிகளை நறுக்கிச் சொருகினார். மீன்காரரின் தராசில் நிறுத்தும் பார்த்தார். அக்கா இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக நீட்டினாள். பழசு நேராக நின்றது. புதுசு மூக்கைத் தூக்கியது. “அப்டியே கீதுங்க,” என்றாள். அவள் குரல் கம்மிவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் வேலையை அந்த மனுஷர் அப்படித் தொட்டுப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

விசைக்கு அவர் ஒரு கட்டை நாக்கு வைத்து, தறியில் கட்டுகிற கயிற்றில் ஒரு துண்டும் சைக்கிள் டியூப் ரப்பரும் சேர்த்திருந்தார். முதலில் கயிறு தொய்வாக வரும். பிறகு வெடுக்கென்று ஒரு சொடுக்குச் சொடுக்கினால் உள்ளே ஒரு முளை அடித்து டொக்கென்னும். மெதுவாக இழுத்தால் முளை சத்தமில்லாமல் நழுவிவிடும். எடை, பிடி, சாய்வு எல்லாவற்றிலும் அவ்வளவு வித்தியாசம் காட்டினவர், விசையை மட்டும் இரண்டுக்கும் ஒன்றாகவே செய்திருந்தார். இழுவை என்றால் அவர் கைக்குத் தெரிந்த இழுவை ஒன்றுதான்.

அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் அக்கா தறி அறையின் சுவரைப் பார்த்துக் கருவேலங்கட்டையை நீட்டிக்கொண்டு நிற்பாள். கை பழகின துப்பாக்கி என்பதால் பழசைத்தான் எடுத்தாள், வேப்பங்கட்டையை அதிகம் தொடவில்லை. அண்ணன் நெய்துகொண்டே காதை அங்கே வைத்திருப்பார்.

“சத்தம் வரல, ஹெப்சி.”

“வெரலு வலிக்குதுங்க.”

“வலிக்கட்டும். இன்னொரு தபா சொடுக்கு.”

டொக்.

“அப்டி.”

கார்த்திகை பிறந்து அணியின் முதல் பயிற்சிக்குப் போய்விட்டு வந்த அன்றைக்கு அக்காவின் முகம் சரியில்லை. எப்படி என்று அண்ணன் கேட்டதற்கு, “காத்து ஜாஸ்திங்க,” என்றாள். அடுத்த பயிற்சிக்குப் போய்வந்து, “வெய்யிலு கண்ணுல அடிக்குது,” என்றாள். மழைக்காலத்தில் ஏது அவ்வளவு வெயில் என்று இன்னாசியம்மாள்கூட நிமிர்ந்து பார்த்தார். அன்று என் வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டர் முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, போனை என்னிடம் நீட்டினாள்.

“இத பாரு. அணிய வுட்டு என்னைய வூட்டுக்கு அனுப்பிருவாங்கடி.”

குறி அட்டையின் படம். நடுக் கறுப்பில் ஓட்டை இல்லை. எல்லாம் இடது பக்கம், கீழே, ஒரு கையகலத்துக்குள் கும்பலாக விழுந்திருந்தன. முந்தைய பயிற்சியின் படமும் அப்படியேதான் இருந்தது.

எனக்குத் துப்பாக்கி தெரியாது. ஆனால் ஓட்டை தெரியும். நாள் முழுக்க நான் பார்ப்பது ஓட்டைகளைத்தான். நெய்கிறவர் கை நடுங்கினால் சேலையில் தப்பு அங்கொன்று இங்கொன்றாக வரும். அட்டையில் ஒரு ஓட்டை தப்பாக அடித்திருந்தால் சேலை முழுக்க அதே இடத்தில் அதே தப்பு திரும்பத் திரும்ப வரும்.

“அக்கா, ஒனக்கு கை நடுங்கல,” என்றேன். “நடுங்கினா நாலாப்பக்கமும் போவும். எதையோ ஒண்ண தெனமும் ஒரே மாதிரி தப்பா செஞ்சிகினு கீற.”

அவள் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தாள். பிறகு வலது கையை நீட்டி, ஆள்காட்டி விரலைக் காற்றில் மடக்கினாள். விரல் சும்மா கொஞ்ச தூரம் வந்தது. பிறகு வெடுக்கென்று சொடுக்கியது. கையும் அதோடு கீழே வெட்டி இறங்கியது. அவளே அதைப் பார்த்தாள். இன்னொரு முறை மெதுவாக மடக்க முயன்றாள், அப்போதும் விரல் சொடுக்கியது.

“ஐயோ, அவரு விசை,” என்றாள்.

அவளுடைய பழைய துப்பாக்கிக்குச் சொடுக்கே ஆகாதாம். எப்போது வெடிக்கும் என்று சுடுகிறவளுக்கே தெரியாதபடி மெல்ல அழுத்திக்கொண்டே போக வேண்டுமாம். புதுசுக்கும் அப்படித்தான், தொய்வை எடுத்துவிட்டு, முட்டுகிற இடத்தில் நின்று, மெல்ல. அவ்வளவு வருஷம் கற்ற விரலை ஒரு மாசத்து டொக் டொக் கெடுத்துவிட்டது.

“சொல்லிரு,” என்றேன்.

“எப்டிடி சொல்றது? தறிய நிறுத்திட்டு செஞ்ச மனுசன். முதலாளிகிட்ட பொய் சொல்லி. நேத்து எதுத்த வூட்டு ஆளு வந்தப்ப எடுத்துக் காட்டினாரு பாரு, கைப்புள்ளைய காட்ற மாதிரி. இது என்னைய கெடுத்துச்சுன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்?”

“அப்ப அணியில எடம் போனா பரவாயில்லயா?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் வைத்த டீயைக் குடிக்காமலே போனாள்.

அதற்குப் பிறகு அக்கா கட்டையைத் தொடுவதை நிறுத்திவிட்டாள். ஒரு நாள் தலைவலி என்றாள், ஒரு நாள் பந்தோபஸ்து என்றாள். இதில் கொடுமை என்னவென்றால், அவள் தொடாமல் போனதும் கட்டையில்தான் ஏதோ குறை என்று அண்ணன் நினைத்துக்கொண்டார். ரப்பரை மாற்றினார். பிடியில் உப்புத்தாள் தேய்த்தார். சத்தம் இன்னும் கணீரென்று வரட்டும் என்று முளைக்குப் பித்தளைத் தொப்பி போட்டார். செய்யச் செய்ய அவள் வாய் இன்னும் இறுகிப் போயிற்று. ஒரு நாள் காலையில் சுவர் ஓரமாக வந்து என்னைக் கூப்பிட்டார்.

“சுபா, அவளுக்கு ஸ்டேஷன்ல எதுனா பேஜாரா?”

“எனக்கு எப்டிண்ணா தெரியும்?”

“ஒன்கிட்ட சொல்லுவா. என்கிட்ட சிரிச்சிகினு கீறா. அவ சும்மா சிரிச்சா எனக்கு பயமா கீது.”

சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் புருஷன் பெண்டாட்டி நடுவில் மூன்றாவது ஆள் நுழைந்து நல்ல பேர் வாங்கினதாக எங்கள் தெருவில் சரித்திரமே இல்லை. அவளையே கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அணிக்கு ஆள் பொறுக்குகிற தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவர் தறியில் நான் போட்ட புதுக் கரை ஏறியது. அன்னப்பட்சி. புது அட்டை ஏற்றினால் முதல் ஒரு சாண் நெய்து முடிக்கிறவரை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன், தப்பிருந்தால் அங்கேயே திருத்திவிடலாம். ஞாயிற்றுக்கிழமை, அக்காவுக்கு ஓய்வு. பூசைக்குப் போய்வந்தாயிற்று, கோழி வெந்துகொண்டிருந்தது. கறி வாசனையில் எனக்கு அன்னப்பட்சியின் கழுத்து சரியாக வருகிறதா என்று பார்க்கவே மனமில்லை.

அண்ணன் குழியில் காலை இறக்கி மிதித்து, வலது கையால் கயிற்றுப் பிடியை இழுத்தார். குறுக்கு நூலைச் சுமந்து ஓடுகிற நாடா பாவுக்குள் பாய்ந்து அந்தப் பக்கம் போய் நின்றது. இடது கையால், இழையை நெருக்குகிற பலகையை இழுத்து அடித்தார். நாலு இழை போனதும் நிறுத்தினார்.

“ஹெப்சி, இங்க வா. இப்டி வந்து உக்காரு.”

அக்கா வந்து அவர் உட்காரும் பலகையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஒனக்கு விசையில சொடுக்கு பத்தல. அதான் கட்டைய வுட்டுட்ட. கைய குடு. எப்டி இழுக்கணும்னு காட்றேன்.”

அவள் கையை எடுத்துக் கயிற்றுப் பிடியில் இருந்த தன் கைமேல் வைத்துக்கொண்டு நெய்ய ஆரம்பித்தார். தொய்வு, சொடுக்கு. தொய்வு, சொடுக்கு. நாடா போயிற்று, வந்தது. அக்கா முதலில் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியதை நான் பார்த்தேன். அவர் கவனிக்காமல் இன்னும் நாலைந்து இழை நெய்துவிட்டார்.

“ஏங்க, நிறுத்துங்க,” என்றாள். “இதுதாங்க. இதுதான் என் வெரலுக்குள்ள பூந்துகிச்சு.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். காற்று இல்லை, வெயில் இல்லை என்பதையும் சொன்னாள். போனை எடுத்துப் படத்தையும் காட்டினாள். அவர் அந்த ஓட்டைகளை ரொம்ப நேரம் பார்த்தார். அடுப்பில் குழம்பு கொதித்து மூடி தட்டிக்கொண்டிருந்தது. இன்னாசியம்மாள் உள்ளேயிருந்து, “ஹெப்சி, உப்பு பாரு,” என்று கூப்பிட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை.

அண்ணன் போனைக் கீழே வைத்துவிட்டு மிதியை மிதித்தார். கயிற்றை மெல்ல, மிக மெல்ல இழுத்தார். நாடா பெட்டியை விட்டு வெளியே வந்து, பாவுக்கு நடுவிலேயே நின்றுவிட்டது. அப்படியே பலகையை அடித்தால் பாவு அத்தனையும் அறுந்துவிடும். குனிந்து, இழைகளுக்கு நோகாமல் நாடாவை விரலால் தள்ளி வெளியே எடுத்தார்.

“ஒனக்கு இப்டி வேணும்,” என்றார். “எனக்கு இப்டி ஆவாது.”

“ஆமாங்க.”

“இத்தினி நாளா ஏன் சொல்லல?”

“நீங்க மனசு ஒடஞ்சி போயிருவீங்கன்னு.”

“இப்ப ஒடஞ்சிட்டனா?”

அக்கா அவர் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். “கொஞ்சம்,” என்றாள்.

“கொஞ்சம்தான்,” என்றார் அவரும். எழுந்து போய் இரண்டு கட்டைகளையும் எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைப் பக்கம் நடந்தார். அடுப்பில் போடப் போகிறார் என்று தெரிந்து அக்கா ஓடிப்போய் மறித்தாள். அவர் கையிலிருந்து அவற்றைப் பிடுங்கிப் பரண்மேல் துணி மூட்டைக்குப் பின்னால் தள்ளினாள். “இது எனக்கு நீங்க செஞ்சது. வெறகாக்க ஒங்களுக்கு அதிகாரம் கெடயாது,” என்றாள். ஏட்டு பேசுகிற குரலில் பேசினாள். அவர் அடங்கிவிட்டார்.

கோழிக்குழம்பில் அன்று உப்பு இரண்டு பங்கு. இன்னாசியம்மாளே ஒன்றுக்கு இரண்டு முறை போட்டிருக்கிறார். கூடச் சோறு போட்டுப் பிசைந்து சாப்பிட்டோம்.

அக்கா வீரபாகுவிடம் போய்ப் புதுசையே எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். எனக்கு அது விளங்கவில்லை. கை பழகினது பழசாயிற்றே.

“பழசத் தொட்டாலே வெரலு சொடுக்குதுடி. புதுசுல நான் இன்னும் நல்லாவும் ஆவல, கெட்டும் போவல,” என்றாள். “புடியும் வேற, எடையும் வேற. இது வேற ஆளுன்னு வெரலுக்குத் தெரியுது. மரியாதையா போவுது.”

தேர்வன்று அண்ணன் வேட்டியை விட்டுவிட்டு, தங்கச்சி கல்யாணத்துக்குத் தைத்த பேண்ட் போட்டுக்கொண்டு கிளம்பினார். தனியாகப் போகக் கூச்சப்பட்டு என்னையும் இழுத்துக்கொண்டார். அக்கா முதல் நாளே போய்விட்டாள். போளூர் வழியாகப் பஸ் ஏறி, திருவண்ணாமலையில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் மலையடிவாரத்துச் சுடும் களத்துக்குப் போனோம். சிவப்புக் கொடி கட்டியிருந்த இடத்தில் காவலுக்கு நின்றவர், வீட்டு ஆட்களுக்கு அனுமதி கிடையாது என்று நிறுத்திவிட்டார். ரோட்டோரம் புளியமரத்தடியில் ஒரு டீக்கடை இருந்தது, அங்கே உட்கார்ந்தோம்.

சத்தம் வர ஆரம்பித்தது. பல பேர் சேர்ந்து சுடுகிறார்கள், பட்டாசுக் கட்டு வெடிப்பதைப்போல இருந்தது. பிறகு ஓய்ந்தது. மறுபடி வந்தது. அண்ணன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார். அத்தனை வருஷத்தில் அவள் சுடுகிற சத்தத்தை அவர் கேட்டதே இல்லை. ஒரு கட்டத்தில் மற்றதெல்லாம் நின்று, ஒன்று மட்டும் தனியாக, விட்டு விட்டு, அவசரமில்லாமல் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது.

“இது ஹெப்சி,” என்றார். “அவ பொறுமை யாருக்கு வரும்?”

அவள் வெளியே வரும்போது வெயில் ஏறியிருந்தது. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து வந்தாள். அண்ணன் எழுந்து எதிரே போனார்.

“கடசீல தனியா, நிதானமா ஒண்ணு கேட்டுச்சே. அது நீதானே?”

அக்கா என்னைப் பார்த்தாள். ஒரு மாசத்துக்கு முன்னால் என்றால் ஆமாம் என்று சொல்லியிருப்பாள். எனக்கு அது நிச்சயம்.

“இல்லங்க,” என்றாள். “அது வந்தவாசிப் பொண்ணு. அவதான் மொத எடம். நான் முன்னாடியே முடிச்சிட்டேன்.”

“அப்ப நீ?”

“நாலாவது. மூணு பேருதான் போட்டிக்குப் போறாங்க.”

ரோட்டில் ஒரு கரும்பு லாரி போய் முடிகிறவரை மூன்று பேரும் நின்றோம்.

“என்னாலதானே?” என்றார்.

“பாதி ஒங்களால,” என்றாள் அக்கா. “பாதி, நான் வாயத் தொறக்காததால.” சொல்லிவிட்டு அந்த ரோட்டோரத்திலேயே, சீருடையோடு அழுதாள். போலீஸ்காரி அழுகிறாள் என்று டீக்கடைக்காரர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணன் தன் கைக்குட்டையைத் தேடினார், கல்யாணப் பேண்டில் அது இல்லை. நான் என் முந்தானையைக் கொடுத்தேன். எனக்கும் அது தேவைப்பட்டது.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு சீட்டு கிடைத்தது. நான் பின்னால் உட்கார்ந்தேன். களம்பூரில் நெல் லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்க, பஸ் நகரவில்லை. மில்களிலிருந்து நெல் அவிக்கிற வாசனை ஜன்னல் வழியாக வந்தது.

“அடுத்த வருசம்?” என்று கேட்டார் அண்ணன்.

“பழசுதான். அதுதான் என் கை. மெதுவா திரும்பி வந்துரும்.”

“வேலூர்ல நல்ல ஸ்ப்ரிங்கு விக்கிறான். விசைய வேற மாதிரி...”

“ஒண்ணும் செய்யாதீங்க.”

“சின்னதா ஒண்ணு?”

“சின்னதாவும் வாணாம். சாயங்காலம் நான் வெறுங்கைய நீட்டிகினு நிப்பேன். அப்ப தறிய நிறுத்திட்டு பக்கத்துல வந்து உக்காருங்க. அது போதும்.”

“உக்காந்து இன்னா செய்யட்டும்?”

“சும்மா இருங்க.”

“சும்மான்னா?”

“சும்மான்னா சும்மாதாங்க. எனக்கு அது வேணும்.”

அவர் யோசித்தார். ஒரு பாவு முழுக்க ஓட்டிக் கொடு என்று சொல்லியிருந்தால் அவ்வளவு யோசித்திருக்க மாட்டார். லாரிகள் ஒதுங்கி, பஸ் உறுமிக்கொண்டு கிளம்பியது. அக்கா அவர் தோளில் சாய்ந்து கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள். ஜன்னல் கம்பி கடகடவென்று ஆடிக்கொண்டு வந்தது. எந்த ஊரில் எது ஆடினாலும் உடனே கையை வைத்து முறுக்கிப் பார்க்கிற மனுஷர், அந்தக் கம்பியைப் பார்த்தார். அவர் கை எழுந்தது. பிறகு அதை மெல்ல மடியில் இறக்கி வைத்துக்கொண்டு, ஆரணி வருகிறவரை அசையாமல் உட்கார்ந்திருந்தார்.